எங்கள் வீட்டு வைஃபையை எட்டிப் பார்க்கும் பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிறுவனத்தின் தகவல் பாதுகாப்புக் குழுவினருக்கு,

வணக்கம். அலுவலக லேப்டாப் வழியாக என் வீட்டு வைஃபையை நீங்கள் துழாவுவதையும், அதை இரவெல்லாம் அணைக்க விடாததையும் பற்றிய புகார் இது. முதலில் உங்கள் புகார்ப் பதிவில் டிக்கெட்டாகத்தான் போட்டேன். இரண்டு முறை போட்டேன், இரண்டு முறையும் "கொள்கைப்படியே உள்ளது" என்று மூடிவிட்டீர்கள். மேனேஜரிடம் சொன்னால், "அவங்ககிட்ட எதுக்குங்க வம்பு" என்கிறார். எனக்கு உங்களோடு வம்பு ஒன்றும் இல்லை. நீங்கள் செய்வதில் பாதி எனக்கும் பிடித்த வேலைதான். கம்பெனி பெயர் எதற்கு? அலுவலக லேப்டாப்பை வீட்டு மேசையில் வைத்திருக்கும் எல்லோருக்கும் இது பொருந்தும் என்பதால் வெளியில் வைத்தே எழுதுகிறேன்.

போன மாதம் உங்களிடமிருந்து ஒரு மெயில் வந்தது. என் வீட்டு நெட்வொர்க்கில் "நிர்வகிக்கப்படாத" கருவிகள் ஏழு இருக்கின்றனவாம். அவற்றில் ஒரு லினக்ஸ் கணினி 22, 53, 8096 ஆகிய போர்ட்களை, அதாவது மற்றக் கருவிகள் அதனோடு பேச நுழையும் எண்ணிட்ட வாசல்களை, திறந்து வைத்திருப்பதால் நான் விளக்கம் தர வேண்டுமாம். கூடவே ஒரு பட்டியல்: டிவி, மகளின் டேப், மனைவியின் போன், பிரிண்டர் என்று வரிசையாக. கடைசி வரியில் என் அம்மாவின் போன், அவர் பெயரோடு. ஒளிக்க என்ன இருக்கிறது என்று அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தவர், "ராத்திரி யாரோ வீட்டுக்குள்ள எட்டிப் பாத்துட்டுப் போயிருக்காங்களா?" என்றார். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீங்கள் லேப்டாப்பில் போட்டிருக்கும் பாதுகாப்பு மென்பொருள் செய்தது அதைத்தானே. அலுவலகத்தில் பக்கத்துக் கணினிகளைத் தட்டிப் பார்க்கச் சொல்லி வைத்த அமைப்பை, வீட்டுக்கு வந்த பிறகும் அப்படியே விட்டுவிட்டீர்கள்.

கேட்ட விளக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்த லினக்ஸ் கணினி ரிச்சி தெருவில் வாங்கிய பழைய மினி பிசி. டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும், டிவிக்குப் பின்னால் கிடக்கிறது. 53-ல் விளம்பரத் தடுப்பு ஓடுகிறது. 8096-ல் அப்பாவின் பழைய கேசட்டுகளிலிருந்து மாற்றி வைத்த பாட்டுகளும் குடும்ப வீடியோக்களும் இருக்கின்றன. 22 நான் உள்ளே போகும் வாசல். அதற்குப் பாஸ்வேர்ட் கிடையாது, சாவிக்கோப்பு இருந்தால்தான் திறக்கும். எந்த வாசலும் இணையத்தைப் பார்த்துத் திறக்கவில்லை. ஞாயிறு காலை காபி ஆறுவதற்குள் அப்டேட் போட்டுவிடுவேன்.

உங்கள் பயம் எதிலிருந்து வருகிறது என்பதும் தெரியும். 2022-ல், மக்களின் பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைத்துத் தரும் லாஸ்ட்பாஸ் நிறுவனத்துக்கு நடந்ததைச் சொல்வீர்கள். சொல்ல வேண்டியதுதான். வாடிக்கையாளர்களின் பாஸ்வேர்ட் பெட்டகங்களின் காப்புப் பிரதிகளைத் திறக்கத் தேவையான சாவிகள் அங்கே நான்கே பொறியாளர்களிடம்தான் இருந்தன. அந்த நால்வரில் ஒருவரின் வீட்டுக் கணினியில், சொந்தப் படங்களையும் பாட்டுகளையும் வீட்டில் ஓடவிடும் ப்ளெக்ஸ் என்ற மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது. தாக்கியவர்கள் அதிலிருந்த ஓட்டை வழியாக நுழைந்து, தட்டச்சைப் பதியும் மென்பொருளை வைத்து, அவர் அடித்த மாஸ்டர் பாஸ்வேர்டை எடுத்துவிட்டார்கள். அந்த ஓட்டையை ப்ளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்திருந்தது. மனிதர் இரண்டு வருஷத்துக்கு மேல் அப்டேட் போடவே இல்லை.

இதைப் படித்துவிட்டு உங்களைப் போன்றவர்கள் வீட்டு சர்வர்தான் ஆபத்து என்ற முடிவுக்கு வருகிறார்கள். எனக்கு அதே கதையில் வேறொன்று கண்ணில் படுகிறது. அப்டேட் போடாதது அவர் தப்பு, அதில் பேச்சே இல்லை. ஆனால் நான்கு பேரிடம் மட்டும் இருக்கும் சாவியை, சொந்தப் படம் பார்க்கும் கணினியில் உட்கார்ந்து திறக்க முடிந்தது எப்படி? கம்பெனி கொடுத்த, வேறு எதுவும் ஓடாத கருவியில்தான் அது திறக்கும் என்று இருந்திருந்தால் ப்ளெக்ஸில் நூறு ஓட்டை இருந்தும் அவர் வீட்டுப் படங்களோடு போயிருக்கும். அப்படி ஒரு கருவி எனக்கு நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். அலுவலக வேலை எதையும் நான் வேறு எதிலும் திறப்பதில்லை, திறக்கவும் முடியாது. இதில் உங்களுக்கு முழு மதிப்பெண். அந்தக் கருவியோடு உங்கள் வேலி முடியட்டும் என்பதுதான் என் கோரிக்கை. வேலியைத் தாண்டி என் அம்மாவின் போன் வரை வந்தால், நாளைக்கு அதில் ஏதாவது ஆனாலும் நீங்கள்தான் பொறுப்பா?

அந்த மெயில் வந்த அன்றே ரவுட்டரில் கெஸ்ட் வைஃபையைத் திறந்து அலுவலக லேப்டாப்பை அதற்கு மாற்றிவிட்டேன். பத்து நிமிட வேலை. இப்போது அதற்கு என் வீடு தெரியாது, என் சர்வருக்கு அந்த லேப்டாப் தெரியாது. விளக்கம் கேட்டு மெயில் அனுப்பிய நேரத்தில் இதை எப்படிச் செய்வது என்று ஒரு பக்கத்தில், தமிழிலேயே, எல்லோருக்கும் எழுதி அனுப்பியிருக்கலாம்.

அடுத்தது கரன்ட் பில்.

"பேட்ச்கள் இறங்குவதற்காக இரவு முழுவதும் லேப்டாப்பை அணைக்காமல், சார்ஜரில் இணைத்து வையுங்கள்" என்று விதி. பேட்ச் என்றால் மென்பொருளின் ஓட்டையை அடைக்கும் அப்டேட். ஸ்லீப்புக்கே போகாதபடி பூட்டியும் வைத்திருக்கிறீர்கள். பிளக்கில் மாட்டும் வாட் மீட்டரில் அளந்து பார்த்தேன். லேப்டாப்பை மாட்டி வைக்கும் டாக்கோடு சேர்த்து, யாரும் தொடாத நேரத்தில், 25 வாட். பக்கத்தில் என் சர்வர் 9 வாட். நான் வேலை செய்யாத நேரம் நாளுக்கு 14 மணி என்று குறைத்தே வைத்துக்கொள்ளுங்கள், இரண்டு மாதத்துக்கு 21 யூனிட் ஆகிறது.

21 யூனிட் ஒரு பொருட்டா என்று உங்கள் தலைமையகத்தில் கேட்பார்கள். தமிழ்நாட்டு பில்லைப் பார்த்தவர்கள் கேட்க மாட்டார்கள். 2022 செப்டம்பரில் வந்த கட்டணப்படி, இரண்டு மாத பில்லில் முதல் 100 யூனிட் இலவசமாக இருந்தது. 500-க்குள் நின்றால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு. 500-ஐத் தாண்டிவிட்டால் அதே 100 யூனிட்டுக்கு 4 ரூபாய் 50 காசு. கோட்டைத் தாண்டிய ஒற்றை யூனிட்டே 225 ரூபாயைக் கூடுதலாக இழுத்துக்கொண்டு வந்தது. 2023 கோடையில் எங்கள் வீட்டு ரீடிங் 513, பில் 2,054 ரூபாய். உங்கள் 21 யூனிட் இல்லாமல் 492-ல் நின்றிருந்தால் 1,677. வித்தியாசம் 377 ரூபாய், அதாவது யூனிட் 18 ரூபாய்க்கு என் வீட்டில் உங்கள் லேப்டாப் தூங்காமல் இருந்திருக்கிறது. ஏசியும் காரணம், என் சர்வரின் 13 யூனிட்டும் காரணம், அதை மறைக்கவில்லை. என் மனைவி முதலில் கை காட்டியதே அந்த டிபன் பாக்ஸைத்தான். வாட் மீட்டர் வாங்கியதே அதற்காகத்தான்.

காசை விடுங்கள், நேரமே தப்பு. மைக்ரோசாஃப்டின் மாதாந்தரப் பேட்ச்கள் இரண்டாம் செவ்வாயன்று அமெரிக்க மேற்குக் கரையில் காலை பத்து மணிக்கு வெளிவரும். இங்கே அப்போது செவ்வாய் இரவு பத்தரை அல்லது பதினொன்றரை. புதன் பகலில் நாங்கள் எல்லோரும் லேப்டாப்பைத் திறந்துகொண்டுதான் உட்கார்ந்திருக்கிறோம். மதியம் ஒரு மணிக்குச் சாப்பிடப் போகிறோம். அந்த முக்கால் மணி நேரம் போதாதா? அந்த நேரத்தில் வெயிலும் இருக்கிறது, சூரிய மின்சாரமும் இருக்கிறது. ஆடியில் ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்று அடிக்கும்போது இரவிலும் காற்றாலை ஓடும், அது வேறு கதை. மற்ற மாதங்களில் இரவு இரண்டு மணிக்குப் பெரும்பாலும் நிலக்கரிதான் எரிகிறது.

அரசாங்கமே பகல் பக்கம் திரும்பிவிட்டது. ஸ்மார்ட் மீட்டர் வரும் வீடுகளுக்குச் சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதம் குறைவாகவும் உச்ச நேரத்தில் கூடுதலாகவும் இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2023-லேயே நுகர்வோர் விதிகளைத் திருத்தியது. எங்கள் வீட்டில் இன்னும் பழைய மீட்டர்தான், இருந்தாலும் காற்று அடிக்கும் திசை தெரிகிறது. விண்டோஸ் 11 கூட, தகவல் கிடைக்கும் ஊர்களில், மின்சாரத்தின் கார்பன் குறைவாக இருக்கும் நேரம் பார்த்து அப்டேட்டை நிறுவும்படி 2022 பதிப்பிலிருந்து அமைக்கப்பட்டிருக்கிறது. அந்த லேப்டாப்புக்குத் தானாகத் தெரிந்ததை நீங்கள் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

அவசரப் பேட்ச் என்றால் சொல்லுங்கள், இரவு எத்தனை மணியானாலும் எழுந்து போடுகிறேன். அதற்காக வருஷம் முழுக்க விளக்கு எரிய வேண்டாம்.

இன்று இரவு ஒன்பது மணிக்கு லேப்டாப்பை அணைக்கப் போகிறேன். விதிப்படி நடக்கிறேனா என்று காட்டும் உங்கள் இணக்க அறிக்கையில் சிவப்பாகத் தெரியும், தெரியட்டும். நாளை மதியம் ஒரு மணிக்கு, சார்ஜரில் மாட்டி, கெஸ்ட் வைஃபையில் திறந்து வைத்துவிட்டுத்தான் சாப்பிடப் போவேன். பேட்ச் இருந்தால் அப்போது அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் லேப்டாப் ஒன்றைப் பத்திரமாக வைத்திருப்பவன்