ஊசிப் புண்ணில் வரும் பொட்டுலிசம் நோய்க்கு வடசென்னை மருத்துவமனைகளை ஆயத்தப்படுத்தக் கோரும் மனு

அனுப்புநர்
வியாசர்பாடி, புளியந்தோப்பு பகுதி குடியிருப்போர், சென்னை.

பெறுநர்
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
பொது சுகாதாரம் மற்றும் நோய்த்தடுப்பு மருந்துத் துறை,
தேனாம்பேட்டை, சென்னை.

மதிப்பிற்குரிய ஐயா,

வலி மாத்திரையைப் பொடித்து, கிடைத்த தண்ணீரில் கரைத்து, ஊசியில் ஏற்றிக்கொள்ளும் பிள்ளைகள் எங்கள் தெருக்களில் இருப்பதைத் தாங்கள் அறிவீர்கள். ரத்தக் குழாய் அகப்படாவிட்டால் சதையிலேயே குத்திக்கொள்கிறார்கள். கையிலும் தொடையிலும் சீழ்க்கட்டியோடு திரிந்தாலும், போலீஸுக்குப் பயந்து ஆஸ்பத்திரிப் பக்கம் போவதில்லை.

காற்றுப் புகாத அந்தப் புண்ணுக்குள், மண்ணில் இருக்கும் குளோஸ்ட்ரிடியம் பொட்டுலினம் கிருமி வளர்ந்தால் அதன் நஞ்சு உடலை முடக்கிவிடும். இதுதான் பொட்டுலிசம் நோய். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பர் முதல் 2015 மே வரை ஹெராயின் ஊசி போட்டவர்களில் 40 பேரை இது தாக்கியது. தூளிலோ தண்ணீரிலோ கலந்துவிட்டால், இக்கிருமியின் வித்து (உறங்குநிலையில் இருக்கும் அதன் வடிவம்) கொதிநீரிலும் சாகாது. எனவே புது ஊசி கொடுத்தால் மட்டும் போதாது.

நோயின் தோற்றம்தான் எங்களை அதிகம் அச்சுறுத்துகிறது. இமை சரியும், ஒன்று இரண்டாகத் தெரியும், நாக்குக் குழறும், எச்சில் விழுங்க முடியாது. கையில் ஊசித் தழும்பும் இருந்தால், "போதை தெளியட்டும்" என்று யாரும் ஓரமாகப் படுக்க வைத்துவிடுவார்கள். ஆனால் அவனுக்கு நினைவு தெளிவாகவே இருக்கும். சுற்றிலும் பேசுவதெல்லாம் காதில் விழும். பெரும்பாலும் காய்ச்சலும் இருக்காது. ஓபியாய்டு போதை மிகைப்பட்டால் அதை முறிக்கப் போடும் நாலோக்சோன் மருந்தைப் போட்டாலும் இந்த முடக்கம் மாறாது. முகத்தில் தொடங்கி இறங்கி, மூச்சுத் தசையை எட்டிவிடும். இந்த நஞ்சுக்கென்று தனி முறிமருந்து உண்டு; ஆனால் நரம்பைப் பற்றிவிட்ட நஞ்சை அதனால் பிரிக்க முடியாது. மேற்கொண்டு பற்றாமல் தடுக்கத்தான் முடியும். ஆய்வக முடிவுக்குக் காத்திராமல், சந்தேகம் வந்ததுமே முறிமருந்தைப் போட வேண்டும். புண்ணை அறுத்துச் சுத்தம் செய்து, வெண்டிலேட்டரில் வாரக்கணக்கில் வைத்துக் காத்தால் பிழைப்பவர்களே அதிகம்.

ஆகவே, ஸ்டான்லி மருத்துவமனை அவசரப் பிரிவுக்கும், நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும், 108 ஊழியர்களுக்கும் இந்த அறிகுறிகளை விளக்கிச் சுற்றறிக்கை அனுப்பவும், முறிமருந்து எங்கே இருப்பில் உள்ளது, நள்ளிரவில் யாரிடம் கேட்டுப் பெறுவது என்பதை அதிலேயே குறிப்பிடவும் வேண்டுகிறோம். ஊசி வழங்கும் மையங்களிலேயே புண்ணுக்குக் கட்டுப்போட ஒரு செவிலியரை அமர்த்துங்கள். பாதுகாப்பான ஊசி வழங்குவது போன்ற பணிகள் குற்றமாகா என்று 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம் 22ஆம் பிரிவில் சொல்கிறது. அம்மையங்களின் வாசலில் காவலர் நின்று பிடிக்காதிருக்கக் காவல் துறைக்கும் தாங்கள் எழுத வேண்டும். பயமில்லாமல் வந்து புண்ணைக் காட்ட ஓர் இடம் இருந்தால், நோய் முற்றுமுன்னே கண்ணில் படும்.

இப்படிக்கு,
பகுதி மக்கள்
(கையொப்பங்கள் இணைப்பில்)