மெய்யம்மைக்கு அப்பச்சி எழுதுவது

தேவகோட்டை

அன்பு மகள் மெய்யம்மைக்கு,

இங்கு யாவரும் நலம். தொலைபேசியில் மழையையும் சாப்பாட்டையும் விசாரித்துவிட்டு, உடனே ஆத்தாவிடம் கொடுக்கச் சொல்லிவிடுகிறாய். பெரிய சட்ட நிறுவனங்கள் உங்கள் சட்டக் கல்லூரிக்கு ஆள் எடுக்க வந்துபோன செய்தி சின்ன வீட்டு அண்ணன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. உன் கல்விக் கடனைப் பற்றி முதலில் எழுதுகிறேன்.

வங்கியில் விசாரித்தேன். படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத்தான் தவணை தொடங்கும். குடும்ப வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருப்பதால், அதுவரையிலான வட்டிக்கு மத்திய அரசின் மானியம் உண்டு. ஆகவே கடனை நினைத்து அவசரப்பட வேண்டியதில்லை.

சிறையில் இருப்போரில் நான்கில் மூன்று பேர் தீர்ப்பே வராத விசாரணைக் கைதிகள் என்று முதலாண்டு விடுமுறையில் நீ சொன்னபோது, ஐயா சாப்பிட எழாமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்படிப் பேசிய பிள்ளை இன்று வாய் திறக்காமல் இருப்பதுதான் எனக்கு மனம் ஆறவில்லை.

அவர்களுக்காக உழைக்க வழி இருக்கிறது. குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்காக வாதாட முழுநேர வழக்கறிஞர்களைச் சம்பளத்துக்கு அமர்த்தும் திட்டத்தைத் தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு 2022இல் கொண்டுவந்தது. மேற்படிப்பு பிறகு. பிரிட்டனில் படிக்க அந்நாட்டு அரசு தரும் செவனிங் உதவித்தொகை கட்டணம், தங்குமிடம், விமானச் செலவு அனைத்தையும் ஏற்கிறது. ஆனால் 2,800 மணி நேரப் பணி அனுபவம் கேட்கிறது. விசாரணைக் கைதிகளுக்காக இரண்டாண்டு உழைத்தால் அதுவே உன் விண்ணப்பத்துக்குப் பலம். படித்து முடித்ததும் ஈராண்டாவது நாடு திரும்பி இருக்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஃபெலிக்ஸ் உதவித்தொகை ஆக்ஸ்ஃபோர்டிலும் லண்டன் சோயாஸ் பல்கலைக்கழகத்திலும் உண்டு. முதல் வகுப்பும் வசதியின்மையும் வேண்டும், இரண்டும் நம்மிடம் இருக்கின்றன.

நகரத்தார் சங்கத்தில் படிப்புதவிக்குக் கை நீட்ட மாட்டேன் என்று நீ சொன்னது சரியன்று. தருமத்துக்கான பங்காகிய மகமையை எடுத்துவைத்த பிறகே லாபம் பார்த்தவர்கள் நம் முன்னோர். வள்ளல் அழகப்பச் செட்டியார் தாம் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்தார். சங்கத்துப் பணம் படிக்கிற பிள்ளைக்கென்றே ஒதுக்கியது. வாங்குவதில் கூச்சம் வேண்டாம். நாளை நீயும் எடுத்துவைப்பாய்.

இ-சேவை மையத்தில் வருமானச் சான்றைப் புதுப்பித்துவிட்டேன். மதிப்பெண் பட்டியலில் உனக்கு நான்கு இனிஷியல், ஆதாரில் ஒன்றுதான். விண்ணப்பத்தில் இது இடிக்கும். இப்போதே திருத்தக் கொடு. செவனிங் வழக்கமாக ஆகஸ்டில் திறக்கும். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியர்களிடம் முன்கூட்டியே பேசிவை. கடனை நினைத்து அவசரப்படாதே என்று மறுபடியும் எழுதுகிறேன்.

எங்கேனும் கையெழுத்திட்டிருந்தால், என்னிடம் சொல்லத் தயங்கினாலும் ஆத்தாவிடமாவது சொல்லிவிடு. எந்த வழியாயினும் கடன் தவணைக்கு நான் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பச்சி