அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணிக்கு அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் வேகவைத்துக் களத்தில் காயப்போட்டாச்சு, விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

நீ அனுப்பிய படத்தைப் பெரியப்பா வீட்டில் காட்டினேன். குழாய்க்குள் சாய்வாக உறைந்த பச்சைக் கூழின்மேல் ரொட்டித் தூள் சிந்தினாற்போல் ஒட்டியிருப்பதுதான் காசநோய்க் கிருமி என்றதும் பெரியம்மா ஃபோனைத் தள்ளி வைத்துவிட்டார். முட்டையும் பச்சைச் சாயமும் கலந்து அதற்குத் தீனி செய்கிறார்கள், குடலில் இருக்கும் கிருமி இருபது நிமிடத்தில் இரண்டாகும், இதற்கு ஏறக்குறைய ஒரு நாள் வேண்டும், அதனால் எட்டு வாரம் பார்த்த பிறகுதான் ‘இல்லை’ என்று எழுதுவார்கள் என்று நீ சொன்னதையெல்லாம் சொன்னேன். இந்தச் சனியனை எதற்கு வளர்க்க வேணும் என்றார் மாமா. எந்த மாத்திரைக்குச் சாகும், எதற்குச் சாகாது என்று வளர்த்துப் பார்த்தால்தானே தெரியும் என்றேன். என் மகள் வேலையை நானே விளக்கியதில் எனக்குப் பெருமைதான்.

ஆனால் இந்த வேலைக்குப் போனதிலிருந்து நீ கூப்பிடுவது குறைந்துபோச்சு. இப்போது எழுத்தில்தான் பதில் வருகிறது. கடைசியாகப் பேசினபோதும் நடுவே நடுவே சத்தமே இல்லை. சிக்னல் கோளாறு என்கிறாள் உங்கம்மா.

காற்றை உள்ளே இழுத்து வடிகட்டும் அந்தப் பெட்டிக்குள் வைத்துத்தான் குழாயைத் திறக்கிறாயா? அவசரத்தில் வெளியே திறந்துவிடாதே, கண்ணு. சுழலும் இயந்திரம் நின்றதும் மூடியைத் தூக்காதே, பொறுத்துத் திற. முகக்கவசம் மூக்கோரம் இடைவெளி விடாமல் இருக்கட்டும். மைனஸ் எண்பதில் வைத்த குப்பி பழசுதானே என்று அசட்டையாக எடுக்காதே. உறைந்து கிடக்கிறதே தவிர சாகவில்லை என்று நீதானே சொன்னாய்? வேளைக்குச் சாப்பிடு. பெட்டிக்குள் வைத்துத்தான் திற.

அப்பாரு பெருந்துறை சானிடோரியத்தில் கிடந்தபோது எங்களை உள்ளே விடமாட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கையாட்டுவார். அதற்கு முன்னால் இருமலை அவர் யாரிடமும் சொல்லவில்லை. துண்டு முனையில் துடைத்து, அந்த முனையை உள்பக்கமாக மடித்துத் தோளில் போட்டுக்கொள்வார். துண்டை வெளுக்க எடுத்தபோதுதான் ஆத்தா ரத்தத்தைப் பார்த்தார். வீட்டிலேயே வைத்து மாத்திரை கொடுத்தாலும் சானிடோரியத்தில் வைத்துப் பார்ப்பதற்கு இணையாகக் குணமாகும் என்று 1959லேயே சென்னையில் ஆராய்ந்து சொல்லிவிட்டார்கள் என்றாயே, அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவரை வீட்டுத் திண்ணையிலேயே வைத்துப் பார்த்திருக்கலாம். அந்த நோய்க்கு இன்றைக்கு மருந்து இருக்கிறது என்று எனக்கும் தெரியும். சொல்லாமல் மடித்துப் போட்டுக்கொள்கிறார்களே, அதற்குத்தான் பயப்படுகிறேன்.

ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேணும் என்று ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருக்கிறது. அது உங்கள் ஆய்வகத்தில் இருப்பவர்களுக்கும் சேர்த்துத்தானே? சும்மா கேட்கிறேன். அப்படி யாராவது இருந்தால் சுணங்காமல் பார்க்கச் சொல்.

வியாழன் ராத்திரி சேரன் ரயிலுக்கு ஈரோட்டிலிருந்து டிக்கெட் போட்டாச்சு. அம்மா கச்சாயம் சுட்டுக்கொண்டிருக்கிறாள். வரவேண்டாம் என்றால் எழுதி அனுப்பாதே, கூப்பிட்டு வாயால் சொல்.

அப்பா