இடி விழுந்த வினைச்சொல்

தண்டையார்பேட்டை

அன்புள்ள கஜா,

உன் கடிதம் வந்தது. மெட்ரோ இந்த வழியாக விம்கோ நகர் வரைக்கும் ஓடுகிறது; இந்தப் பக்கம் வராமலிருக்க இனி உனக்குச் சாக்கு கிடையாது.

உன் ஸ்போக்கன் இங்கிலீஷ் பசங்க 'கேட்டதும் திகைத்துப்போனேன்' என்பதை 'ஐ ஸ்டன்ட்' என்றே எழுதுவதாகப் புலம்பியிருந்தாய். அவர்களைத் திட்டாதே. தமிழில் திகைப்பவன்தான் எழுவாய். 'ஸ்டன்' (stun) என்றால் திகைக்க வைப்பது; அது அடிக்கிறவனுக்குச் சொந்தமான வினை. அடி வாங்கியவன் பேசினால் 'ஐ வாஸ் ஸ்டன்ட்' என்று செயப்பாட்டுவினைதான் வரும். இலக்கணப் பெயரெல்லாம் சொல்லி மிரட்டாமல் நம்ம ஏரியா பேச்சிலேயே காட்டு: 'மெர்சலாயிட்டேன்' என்றால் 'ஐ வாஸ் ஸ்டன்ட்', 'மெர்சலாக்கிட்டான்' என்றால் 'ஹி ஸ்டன்ட் மி'. ஒரே நாளில் பிடித்துக்கொள்வார்கள்.

வேரைச் சொன்னால் இன்னும் ஒட்டும். லத்தீனில் 'டொனாரே' என்றால் இடி இடிப்பது. அதன் வழியில் பழைய பிரெஞ்சில் 'எஸ்டோனெர்' வந்தது. அது ஆங்கிலத்துக்குள் நுழைந்து, 1300 வாக்கிலேயே 'ஸ்டன்' ஆகிவிட்டது. அஸ்டானிஷ், அஸ்டவுண்ட் இரண்டும் அதே வீட்டுப் பிள்ளைகள். வெடிப்பதைச் சொல்லும் 'டெட்டனேட்' பங்காளி முறை. நாமும் பேரதிர்ச்சியை 'தலையில இடி விழுந்த மாதிரி' என்றுதானே சொல்கிறோம்? கல்லாய்ச் சமைந்ததால் 'ஸ்டோன்' என்ற சொல்லிலிருந்து வந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதே. ஒலி ஒத்துப்போனதில் கிளம்பிய கதை அது.

அந்தக் காலத்தில் 'அஸ்டானிஷ்' என்பதும் நிஜ அடிதான். ஷேக்ஸ்பியரின் ஐந்தாம் ஹென்றி நாடகத்தில், ஃப்ளுயெலன் பிஸ்டலைத் தடியால் சாத்தும்போது, 'போதும் கேப்டன், அவனை அஸ்டானிஷ் பண்ணிவிட்டீர்' என்கிறான் கவர் (Gower) என்ற இன்னொரு கேப்டன். ஆச்சரியப்படுத்திவிட்டீர் என்று எடுத்துக்கொண்டால் அந்த இடமே கெட்டுவிடும். பொறி கலங்க அடித்துவிட்டீர் என்பதே பொருள். பிறகு அந்தச் சொல் வெறும் வியப்பாக இளைத்துவிட்டது. பிரெஞ்சு 'எத்தோனே'வுக்கும் இதே கதிதான். 'ஸ்டன்' மட்டும் இன்னும் கை ஓங்கியபடியே நிற்கிறது. ராயபுரத்து பாக்ஸிங் ரிங்கில் தாடையில் குத்து வாங்கியவன் காலூன்றி நின்றாலும் கண் எங்கோ போகுமே, அந்த நிலைக்கு இதைவிடப் பொருத்தமான ஆங்கிலச் சொல் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த தப்பு 'ஐ ஆம் ஸ்டன்னிங்'. திகைப்பில் இருக்கிறேன் என்று நினைத்துப் பையன் சொல்கிறான். கேட்பவர் காதில் 'நான் பேரழகன்' என்று விழுகிறது. அழகைச் சொல்லும் இந்தப் பொருள் 19ஆம் நூற்றாண்டில் பரவியது. இடிக்கு 'ஸ்டன்னிங்', விழுந்தவனுக்கு 'ஸ்டன்ட்', அவ்வளவுதான். எழுதும்போது 'என்' (n) எழுத்து இரண்டு வர வேண்டும். 'வெரி ஸ்டன்ட்' என்று பழக்காதே, அந்தச் சொல்லிலேயே உச்சம் இருக்கிறது. அழுத்தம் வேண்டுமானால் 'அப்சொலூட்லி' போடலாம். பின்னால் 'பை' வரும், இல்லாவிட்டால் 'ஸ்டன்ட் டு ஹியர்'.

வாயடைத்துப்போக வைப்பதைச் சொல்லும் 'ஃப்ளாபர்காஸ்ட்' பற்றியும் கேட்டிருந்தாய். 1772-லேயே புது ஃபேஷன் சொல் என்று அச்சில் வந்திருக்கிறது. 'ஃப்ளாபி', 'அகாஸ்ட்' இரண்டும் சேர்ந்தது என்பது வெறும் ஊகம். அரட்டையில் தாராளமாக விடட்டும். வேலைக்கான மனுவில் எழுதினால் சிரிப்பார்கள்.

அன்புடன்,
சேகர்