இருட்டில் பிள்ளைகளோடு நின்றவர்களுக்கு

வணக்கம். மேடைக்குப் பின்னால் நடக்கும் வேலைகளைச் சொல்லித்தரும் எங்கள் பயிற்சி, பிள்ளைகளே நடத்திய நாடகத்தோடு போன வாரம் முடிந்தது. ஒளி, ஒலி, மேடை அமைப்பு, மேடை நிர்வாகம் எல்லாவற்றையும் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களே பார்த்துக்கொண்டார்கள். அதற்கு உதவியவர்களுக்கு நன்றி எழுத ஒரு வாரமாக உட்காருகிறேன். யாரை முதலில் சொல்வது என்று தெரியாமல் எழுந்துவிடுகிறேன். சரி, மின்சாரத்திலிருந்தே தொடங்குகிறேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணனுக்கு. மேடையின் ஓர் ஓரம் இருட்டாக இருக்கிறது, இன்னொரு விளக்கு மாட்டலாமா என்று ஒரு பெண் கேட்டாள். அந்த லைனில் ஏற்கெனவே 1,000 வாட் விளக்குகள் மூன்று. நீங்கள் கூடாது என்று சொல்லவில்லை. தாளைக் கொடுத்து, மொத்த வாட்டை 230 வோல்ட்டால் வகுக்கச் சொன்னீர்கள். மூன்று விளக்குக்கு 13 ஆம்பியர். நான்காவதைச் சேர்த்தால் 17-ஐத் தாண்டியது. அந்த லைன் தாங்குவது 16. "வேற லைன்ல குடுத்துடலாம்ணே" என்று அவளே சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு பிளக்கையும் செருகும் முன் அந்தக் குழுவே கணக்குப் போட்டது. ஹாலஜன் பல்பை வெறும் விரலால் தொடக்கூடாது என்பதையும் காரணத்தோடுதான் சொன்னீர்கள்: விரலின் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிய இடம் அளவுக்கு மீறிச் சூடேறி, பல்பு வெடித்துவிடலாம். காரணம் தெரிந்த பிள்ளைக்கு எச்சரிக்கைப் பலகை வேண்டியிருக்கவில்லை.

ஒளி அமைப்பு சொல்லித்தந்த அக்காவுக்கு. பிரெனெல் என்ற மேடை விளக்கின் கண்ணாடியில் ஏன் வளையம் வளையமாக இருக்கிறது என்று ஒருவன் கேட்டதும், 1823-இல் பிரான்சின் கலங்கரை விளக்கம் ஒன்றில் முதலில் ஏற்றப்பட்ட லென்ஸின் வழிவந்தது இது என்று தொடங்கினீர்கள். கடலில் வழிகாட்டிய கண்ணாடி தன் கையில் இருக்கிறது என்று அவனுக்கு அன்று முழுக்கப் பெருமை. பிறகு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, ஒரே டார்ச்சை ஒரு பிள்ளையின் முகத்துக்குக் கீழே, உச்சிக்கு மேலே, அப்புறம் முன்பக்கமாக 45 டிகிரி சாய்வில் பிடித்துக் காட்டினீர்கள். பயமுறுத்திய முகம், களைத்த முகம், கடைசியில் எங்களுக்குத் தெரிந்த முகம். அந்தப் பத்து நிமிடத்தை நானும் மறக்கமாட்டேன்.

ஸ்டேஜ் மேனேஜர் அம்மா, உங்களுக்குத்தான் அதிகம் சொல்ல வேண்டும். ஒத்திகையில், விளக்கு எப்போது மாற வேண்டும் என்று ஹெட்செட்டில் சொல்லும் நம் பெண், விளக்கை இயக்கும் பையனிடம் "நான் கோ சொன்னா மட்டும்தான் நீ பட்டனை அழுத்தணும்" என்று விளக்கிக்கொண்டிருந்தாள். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் பையன் அழுத்திவிட்டான். மேடை முழுக்க இருட்டு. படிக்கட்டின் நடுவில் ஒரு நடிகர். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பெண் அழுதே விட்டாள். நீங்கள் அவளைத் திட்டவில்லை, பையனையும் திட்டவில்லை. கியூ, அதாவது மாற்றத்துக்கான குறிப்பு, கொடுக்கும் நொடியைத் தவிர வேறெப்போதும் அந்தச் சொல்லை ஹெட்செட்டில் சொல்லக்கூடாது என்ற பழக்கம் ஏன் வந்தது என்று சொல்லிவிட்டு, அதே இடத்திலிருந்து மறுபடி எடுக்க வைத்தீர்கள்.

நாடகத்தன்று ஒரு நடிகர் அரைப்பக்க வசனத்தைத் தாண்டிப் போய்விட்டார். எனக்கு நெஞ்சு அடைத்தது. நீங்கள் அந்தப் பெண்ணுக்குப் பின்னால் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றீர்கள். பிரதியில் விரலை ஓட்டியவள், "கியூ 41 வேண்டாம். 42 ஸ்டாண்ட்பை" என்று அடுத்ததற்குத் தயாராகச் சொன்னாள். இரண்டு மூச்சு. "கோ." விளக்கு சரியான இடத்தில் மாறியது. உங்கள் கை ஹெட்செட் பக்கம் போகவே இல்லை. இத்தனை வருட அனுபவம் உள்ளவருக்கு அந்த இரண்டு மூச்சு எவ்வளவு கடினமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

விளக்கு திருப்பி வைக்கும் நேரமெல்லாம் சொன்ன இடத்தில் பொறுமையாக நின்ற நடிகர்களுக்கும், கேபிளை முழங்கையில் சுற்றாமல் அதன் போக்கிலேயே வளையமாகச் சுருட்டக் கற்றுத்தந்த ஒலிக்காரத் தம்பிக்கும், அரங்கைக் கலைத்து முடியும்வரை இரவு வாசலில் காத்திருந்த பெற்றோருக்கும் நன்றி.

தச்சர் ஐயா, உங்கள் ஸ்பானர் எங்களிடமே தங்கிவிட்டது. உயரத்தில் ஏறும்போது கருவி கைநழுவி யார் தலையிலும் விழக்கூடாது என்று நீங்கள் கட்டச் சொன்ன கயிறு இன்னும் அதில் இருக்கிறது. முடிச்சு போட்ட பையன் தானே கொண்டுவந்து தருவதாகச் சொல்கிறான். உங்களிடம் வேறு ஏதோ கேட்கவும் வேண்டுமாம்.