கணினி பழுதுபார்க்கும் நண்பர்களுக்கு: ஃபார்மட் போடுவதற்கு முன் மெயிலைப் பற்றியும் கேளுங்கள்

வணக்கம்.

சில மாதங்களுக்கு முன் என் கணினி படுத்துவிட்டது. ஆன் செய்தால் நீலத்திரை, தானாக ரீஸ்டார்ட், மறுபடி நீலத்திரை. சர்வீசுக்குக் கொடுத்தபோது "முக்கியமானதெல்லாம் டி டிரைவில்தானே இருக்கு?" என்று கேட்டார்கள். போட்டோ, ஆவணங்கள் எல்லாம் அங்கேதான் வைத்திருந்தேன் என்பதால் ஆமாம் என்றேன். விண்டோஸ் இருக்கும் சி டிரைவை ஃபார்மட் போட்டு, அதாவது அழித்துப் புதிதாக்கிக் கொடுத்தார்கள். மறுநாள் கணினி புதுசு மாதிரி திரும்பி வந்தது. 11 வருட மெயில் மட்டும் அதில் இல்லை.

மெயில் எந்த டிரைவில் உட்கார்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது, உங்களிடம் கணினியைக் கொண்டுவரும் பலருக்கும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

அவுட்லுக் மென்பொருள் மெயிலைச் சேர்த்து வைக்கும் பிஎஸ்டி கோப்பு, நாமாக இடம் மாற்றாத வரை, சி டிரைவில் பயனர் ஃபோல்டருக்குள்தான் இருக்கும். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் என்றால் ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டருக்குள் இருக்கும், சும்மா திறந்து பார்த்தால் கண்ணில் படாது. மெயில் நிறுவனத்தின் சர்வரிலேயே மெயிலை வைத்திருக்கும் ஐமேப் கணக்கு என்றால் பெரிய பயம் இல்லை, சர்வரில் இருப்பது திரும்ப இறங்கிவிடும் (கணினிக்குள் மட்டும் தனி ஃபோல்டர் போட்டு நகர்த்தி வைத்தவை வராது, அதையும் கேளுங்கள்). மெயிலைக் கணினிக்கு இறக்கிக்கொள்ளும் பாப்3 கணக்குதான் ஆபத்து. சர்வரில் நகல் வைக்கச் சொல்லி அமைக்காவிட்டால் இறங்கியதும் மெயில் அங்கிருந்து அழிந்துவிடும், அப்புறம் உலகத்திலேயே ஒரே பிரதி அந்த சி டிரைவில் இருப்பதுதான். என்னுடையது அப்படிப்பட்ட கணக்கு.

விண்டோஸ் எழும்பவில்லை என்பதற்காக டிஸ்க்கில் இருப்பது போய்விட்டது என்று ஆகாது, இது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டிஸ்க்கைக் கழற்றி இன்னொரு கணினியில் இரண்டாவது டிஸ்க்காக மாட்டியோ, லினக்ஸ் பென் டிரைவில் பூட் செய்தோ, யூசர்ஸ் ஃபோல்டரை அப்படியே முழுசாக எடுத்து வைத்துவிட்டு அப்புறம் ஃபார்மட் போடுங்கள். டிஸ்க் டக் டக்கென்று சத்தம் போட்டால் மட்டும் எதையும் முயற்சி செய்யாமல் அணைத்துவிட்டு, டேட்டா ரெக்கவரி செய்கிறவரிடம் அனுப்பச் சொல்லுங்கள்.

என் விஷயத்தில் ஃபார்மட் முடிந்து, விண்டோஸ், டிரைவர், மற்ற மென்பொருள் எல்லாம் அதே டிரைவில் ஏறிவிட்டன, விவரம் தெரியாமல் நானும் இரண்டு நாள் அதிலேயே வேலை பார்த்தேன். பழைய ஹார்டு டிஸ்க், அதுவும் குவிக் ஃபார்மட் என்பதால் கொஞ்சம் தப்பித்தது, ஏனென்றால் குவிக் ஃபார்மட், எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் புதிதாக்கும், உள்ளே இருப்பது அதன்மேல் வேறு ஏதாவது எழுதப்படும் வரை கிடக்கும். முழு ஃபார்மட் போட்டிருந்தால், விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்தே அது டிரைவ் முழுக்கப் பூஜ்யம் எழுதிவிடுகிறது. ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாக சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டியாக இருந்தால், டிரிம் (அழித்த இடத்தை உள்ளேயே காலி செய்யும் வசதி) ஓடிய பிறகு தேடுவதற்கே ஒன்றும் இருக்காது. இன்று உங்களிடம் வருவதில் நிறைய எஸ்எஸ்டிதான், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

பிறகு வேறொருவர் பொறுமையாக டிடிரெஸ்க்யூ என்ற பிரதியெடுக்கும் மென்பொருளை வைத்து டிஸ்க்கை முழுசாகப் பிரதி எடுத்து, அந்தப் பிரதிக்குள் தேடினார். சிதைந்த ஒரு பிஎஸ்டி கிடைத்தது. அதற்கும் ஒரு நகல் எடுத்துக்கொண்டு, பிஎஸ்டியைச் சரிசெய்யும் ஸ்கேன்பிஎஸ்டியை மூன்று முறை ஓட்டிய பிறகுதான் திறந்தது. நான் வருடக்கணக்காகப் பிரித்து வைத்த ஃபோல்டர்கள் போய், எல்லாம் ஒரே குவியலாக வந்தன. அப்பா கடைசி வருடத்தில் எனக்கு எழுதியவற்றில் பாதிதான் அதில் இருக்கிறது. மீதியை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கணினியை வாங்கிக்கொள்ளும்போது பெயர், போன் நம்பர், பழுது என்ன என்று ஒரு சீட்டு எழுதுகிறீர்கள் அல்லவா, அதிலேயே இன்னும் ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: "மெயிலைப் பிரவுசரில் பார்க்கிறீர்களா, அவுட்லுக் மாதிரி மென்பொருளிலா?" மென்பொருள் என்று சொன்னால், அந்தக் கோப்பைக் கண்ணால் பார்த்து, வேறொரு டிஸ்க்கில் நகல் எடுத்து, அது திறக்கிறதா என்றும் பார்த்துவிட்டு ஃபார்மட்டில் கை வையுங்கள். அந்தக் கூடுதல் நேரத்துக்குத் தனியாகக் கூலி கேளுங்கள், நான் மனதாரக் கொடுப்பேன்.