வெள்ளை யானையும் நீல நிலாவும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேருந்துகள் உள்ளே வராமல் வெறிச்சோடிக் கிடக்கும் ஒரு புதிய பேருந்து நிலையத்தைப் பற்றிக் கடந்த வாரம் தங்கள் நாளிதழில் வந்த செய்தி, அதனை 'நகராட்சியின் வெள்ளை யானை' என்று குறிப்பிட்டிருந்தது. தமக்குப் பிடிக்காத பிரபுக்களுக்குச் சயாம் மன்னர்கள் வெள்ளை யானையைப் பரிசளித்து, தீனிச் செலவிலேயே அவர்களை ஓட்டாண்டியாக்கினார்கள் என்ற கதையிலிருந்து பிறந்த ஆங்கில வழக்கு அது. எங்கள் ஊர்க்காரருக்கோ வெள்ளை யானை என்றால் ஐராவதம்தான். துர்வாசரின் சாபத்தால் இழந்த வெண்ணிறத்தை இந்திரனின் யானை இறைவனை வழிபட்டுத் திரும்பப் பெற்ற தலம் என்று புராணம் சொல்லும் தாராசுரம், இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. செய்தியைப் படித்த என் மனைவி, 'பாராட்டித்தானே எழுதியிருக்கிறார்கள்?' என்று கேட்டார். 'யானையைக் கட்டித் தீனி போடுவது' என்று நம்மவர்கள் அன்றாடம் சொல்வதையே எழுதியிருந்தால் இந்தக் கேள்விக்கு இடமிருந்திருக்காது.

2023 ஆகஸ்ட் 30-ஆம் தேதி இரவு நடந்ததும் இதுவே. 'இன்று வானில் நீல நிலா' என்ற தலைப்பை ஏதோ ஒரு நாளிதழில் பார்த்துவிட்டு, என் பேத்தி என்னை மொட்டை மாடிக்கு இழுத்துச் சென்றாள். மஞ்சளாக எழும்பிச் சற்று நேரத்தில் அப்பளம் போல வெளுத்துவிட்ட நிலாவைப் பார்த்து அவள், 'நீலம் எங்கே தாத்தா?' என்றாள். முப்பது ஆண்டு ஆங்கிலம் கற்பித்த எனக்கே அதை விளக்கச் சற்று நேரம் பிடித்தது. 'ப்ளூ மூன்' என்பது ஆங்கிலத்தில் நிறத்தைக் குறிக்க வந்த சொல்லன்று. அத்தி பூத்தாற்போல எப்போதாவது நிகழ்வதைச் சுட்டும் வழக்கு. ஒரே மாதத்தில் வரும் இரண்டாவது பௌர்ணமிக்கு அந்தப் பெயர் வந்ததுகூட, பழைய அமெரிக்கப் பஞ்சாங்கம் ஒன்றின் கணக்கைத் தவறாகப் புரிந்துகொண்டு 1946-இல் 'ஸ்கை அண்ட் டெலஸ்கோப்' இதழில் எழுதப்பட்ட கட்டுரையால்தான் என்பதை 1999-இல் அந்த இதழே ஒப்புக்கொண்டது. 1883-இல் கிரகத்தோவா எரிமலை வெடித்துக் கக்கிய தூசியால் நிலா மெய்யாகவே நீலமாகத் தெரிந்தது என்பது வேறு கதை.

ஆங்கில வழக்குகளே தமிழுக்குள் வரக்கூடாது என்பது என் வாதமன்று. 'பச்சைக்கொடி காட்டினார்' என்பதை யாரும் விளக்கக் கேட்பதில்லை. ரயில் நிலையத்தில் கார்டு கொடி காட்டுவதைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. 'சிவப்பு நாடா' அப்படியன்று. கோப்புகளை நாடாவால் கட்டிவைத்த காலத்தை அறியாத இளைஞருக்கு அது வெறும் நாடாதான். 'இழுத்தடிப்பு' என்றால் தாலுகா அலுவலகத்துக்கு நடையாய் நடந்த எவருக்கும் உடனே விளங்கும்.

ஆகவே, இத்தகைய தொடரை அச்சுக்கு அனுப்புமுன், ஆங்கிலம் அறியாத ஒருவரிடம் அதை ஒருமுறை படித்துக் காட்டும் வழக்கத்தைத் தங்கள் செய்திப்பிரிவு மேற்கொள்ள வேண்டுமெனக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர்,
கும்பகோணம்.